வரித்தலை வாத்தும் குகை விசாரணையும்

நெடுங்கரை ஏரியில் அலையன் என்று ஒரு வரித்தலை வாத்து இருந்தான். இருந்தான் என்று சொல்வதே தப்பு. வந்து போய்க்கொண்டிருந்தான். பனிமலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு நீல ஏரிதான் அவனுக்கு ஊர். அங்கே தண்ணீர் உறைந்ததும் கூட்டத்தோடு கிளம்பித் தெற்கே வருவான். பங்குனியில் தென்றல் எழுந்ததும் அதன் முதுகில் ஏறி வீட்டுக்குத் திரும்புவான். கூடவே அவன் மனைவி சாம்பி வருவாள், போவாள்.

நெடுங்கரை ஏரியைச் சுற்றி ஒரு காடு. அந்தக் காட்டுக்கு ராஜா கிடையாது. ராஜா இல்லாமல் ஒரு காடா என்று வாயைப் பிளக்காதீர்கள், அப்படியும் உண்டு. மழைக்காலம் தொடங்கும்போது எல்லா விலங்குகளும் கரையில் கூடி ஒரு தலைவரைத் தேர்ந்தெடுக்கும். அவர் முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி நின்று, "காவல் என்னோடது, தீர்ப்பு ஏரியோடது" என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் அவர் தலைவர்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. முன்பு ஒரு பெரிய வறட்சி வந்தபோது ஏரி சுருங்கி ஒரு சேற்றுக் குட்டையாகக் கிடந்தது. சிறுத்தையும் மானும் பக்கத்தில் பக்கத்தில் நின்று குடித்தால்தான் உயிர் பிழைக்கலாம் என்ற நிலை. அப்போது போட்ட சட்டம் அது. இந்தத் தண்ணீரைக் குடித்தவர் யாராக இருந்தாலும் இந்தச் சட்டத்துக்குள் வந்துவிடுவார். குற்றம் சொல்பவர் பகலில், கரையில், எல்லார் முன்னாலும், முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். சொல்லப்பட்டவர் பதில் பேச வேண்டும். பிடித்தவரே தீர்ப்புச் சொல்லக் கூடாது.

தீர்ப்புச் சொல்வதற்கு ஏரி அவை என்று மூன்று பேர். ஓட்டாயி என்ற ஆமை, ஓர் உடும்பு, ஒரு முள்ளம்பன்றி. மூன்று பேரும் சேர்ந்து துரத்தினாலும் ஒரு முயலைப் பிடிக்க மாட்டார்கள். ஆனாலும் அவர்கள் ஒன்று சொன்னால் யானையும் கேட்டுக்கொண்டு போகும்.

அந்த வருஷத்துத் தலைவன் திமிலன் என்ற காட்டெருது. மலைப்பாறை மாதிரி உடம்பு. அவன் கெட்டவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கதை முடிவதற்குள் அவனைத் திட்டித் தீர்த்துவிடுவீர்கள். அவனுக்கு ஒரே ஒரு கன்று. செவலை என்று பெயர். அப்பாவின் நிழலை விட்டு வெளியே வராத கன்று. வெயிலில் திமிலன் நகர்ந்தால் அதுவும் நகரும், அவன் நின்றால் அதுவும் நிற்கும்.

மாசி மாதத்தில் ஒரு நாள் இருட்டோடு மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து செந்நாய்க் கூட்டம் இறங்கியது.

செந்நாய் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு அந்தக் காட்டில் ஒரே பாடம்தான். அசையாதே, மூச்சைப் பிடித்துக்கொள், வாயைத் திறக்காதே. குட்டிகளுக்கு நடக்கக் கற்றுக்கொடுப்பதற்கு முன்பே இதைக் கற்றுக்கொடுத்துவிடுவார்கள். அன்றைக்கு அந்த அமைதியைக் கிழித்துக்கொண்டு ஒரு வாத்து கத்தியது. கத்திக்கொண்டே இருந்தது.

இருட்டில் அப்பாவைத் தவறவிட்டிருந்த செவலை, விடிந்தபோது கரையில் செத்துக் கிடந்தது. அதன் பக்கத்தில் அலையன் உட்கார்ந்திருந்தான். அவன் நெஞ்சு முழுக்க ரத்தம்.

காவல் படை என்பது காட்டுப்பன்றிகள். அவர்களுக்குத் தளபதி கோரையன். அவன் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "இவன்தான். குரல் கொடுத்துச் செந்நாயைக் கூப்பிட்டவன் இவன்தான்" என்றான். அலையன் என்னவோ சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் நாலு பன்றிகள் அவனைத் தள்ளிக்கொண்டு மலையடிக் குகைக்குப் போய்விட்டன.

காடு நடுங்கிப்போயிருந்தது. மான்கள், முயல்கள், குரங்குகள் எல்லாம் திமிலனைச் சுற்றி நின்றுகொண்டு, "தலைவரே, எது வேணுமோ செய்யுங்க. நாங்க ஏன்னு கேக்க மாட்டோம். அந்த நாய்ங்க மறுபடி வரக் கூடாது" என்று அழுதன. பயந்துபோனவர்கள் வேறு எப்படிப் பேசுவார்கள்? அவர்களையும் குறை சொல்வதற்கில்லை.

திமிலன் யாரையும் பார்க்கவில்லை. கன்று கிடந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனை ஒரு கேள்வி அரித்துக்கொண்டே இருந்தது. செத்துப்போனது தெரியும். எப்படிப் போனான், யாரும் இல்லாமல் தன்னந்தனியாகவா போனான்? அதைச் சொல்ல ஒருவரும் இல்லை. மேயப் போனால் ஒரு வாய்கூடத் தின்னாமல் திரும்பி வந்தான்.

அப்போதுதான் கோரையன் காதருகே வந்தான். "தலைவரே, ஏரி அவை வேலைக்காகாது. அந்த ஆமை கரையேறி வர்றதுக்குள்ள நாய்ங்க ரெண்டு தடவை வந்து போயிடும். இது சண்டைக் காலம். எங்க படையே குகையில வெச்சு விசாரிச்சு முடிச்சிடட்டும்."

"சட்டம் இடம் கொடுக்குமா?"

"எது வேணுமோ செய்யுங்கன்னு எல்லாரும் சொன்னாங்களே. அதைவிட என்ன சட்டம்?"

திமிலன் தலையசைத்தான். துக்கத்தில் இருப்பவனிடம் ஒரு காரியத்துக்குச் சம்மதம் வாங்குவது ரொம்பச் சுலபம்.

சாம்பி குகை வாசலுக்குப் போய் நின்றாள். கோரையன் குறுக்கே நின்றான்.

"என் வீட்டுக்காரரைப் பாக்கணும்" என்றாள் அவள்.

"பாக்க முடியாது. உள்ள விசாரணை நடக்குது."

"யார் விசாரிக்கறாங்க?"

"நாங்க."

"குத்தம் சொல்றது?"

"நாங்க."

"சாட்சி?"

"அதுவும் நாங்கதான்."

"அவர் என்ன சொன்னார்?"

"அவன் எதுக்குச் சொல்லணும்? நடந்ததெல்லாம்தான் எங்களுக்குத் தெரியுமே."

"என்ன குத்தம்னாவது அவர்கிட்ட சொன்னீங்களா?"

"அதெப்படிச் சொல்றது? ரகசியமாச்சே. சொன்னா அவனுக்குத் தெரிஞ்சிடாதா?"

நல்ல நியாயம், இல்லையா? கோரையன் இதையெல்லாம் சிரிக்காமல் சொன்னான், அதுதான் விசேஷம்.

"முடிவும் பண்ணியாச்சு" என்று அவனே சொன்னான். "ரெண்டு இறக்கையையும் ஒடிச்சு விட்டுடறது. தலைவர் சரின்னு ஒரு வார்த்தை சொல்லணும், அவ்வளவுதான் பாக்கி."

பறந்து ஊர் போகிற சாதியில் இறக்கையை ஒடிப்பது என்றால் உயிரை மட்டும் விட்டுவைத்து மற்றதையெல்லாம் எடுத்துக்கொள்வது. சாம்பி வாசலிலிருந்தே கழுத்தை நீட்டி ஒரு குரல் கொடுத்தாள். உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. கம்மிப்போயிருந்தது. ஆனாலும் அவனுடையதுதான்.

அன்றிலிருந்து தினமும் பொழுது சாயும் நேரத்தில் அவள் வந்து ஒரு தடவை குரல் கொடுப்பாள். உள்ளேயிருந்து ஒரு தடவை பதில் வரும். அதைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போவாள். அவள் புருஷனிடம் அவளுக்கு மிஞ்சியிருந்தது அந்த ஒரு குரல்தான்.

காற்று மாறத் தொடங்கியது. கூட்டத்திலிருந்த மூத்த வாத்து அவளைக் கூப்பிட்டது. "சாம்பி, தென்றல் எழுந்துடும்போல இருக்கு. எழுந்த அன்னைக்கே கிளம்பணும். விட்டா அடுத்த பங்குனிதான்."

"நான் இல்லாமலே போங்க."

"நம்ம ஏரியில இந்நேரம் பனி உடைய ஆரம்பிச்சிருக்கும். உன் கூடு இருந்த நாணல் மேடு காத்துக்கிட்டு இருக்கும்."

"நாணல் மேடா காத்துக்கிட்டு இருக்கு? நான்தான் காத்துக்கிட்டு இருக்கேன்" என்றாள் சாம்பி. போக ஆசை இல்லாமல் இருக்குமா? ஆனால் அவன் இல்லாமல் போய் என்ன செய்வாள்?

அவள் நேரே ஓட்டாயியிடம் போனாள். "ஆயி, என் வீட்டுக்காரரை இருட்டுல போட்டு வெச்சிருக்காங்க. அவர் செந்நாயைக் கூப்பிடலை. எங்க கூட்டத்துல ஒரு வழக்கம் இருக்கு..."

"அதை அப்புறம் சொல்லு" என்றது ஆமை. "அவன் குத்தவாளியா இல்லையாங்கறது ரெண்டாவது கேள்வி. அவனை விசாரிக்கறது யாருங்கறது முதல் கேள்வி. இது தெரியாம அதுக்குப் போனா எல்லாம் குழம்பிடும். நீ ஒண்ணே ஒண்ணு சொல்லு. அவன் இந்த ஏரித் தண்ணியைக் குடிச்சிருக்கானா?"

"நாங்க வந்ததே இதைக் குடிக்கத்தானே."

"அது போதும்" என்றது ஓட்டாயி.

மறுநாள் காலையில் அவை கூடியது. திமிலனுக்கு ஆள் போயிற்று. அவன் வருவானா என்று எல்லாருக்கும் சந்தேகம். வந்தான். கோரையனும் ஒட்டிக்கொண்டு வந்தான்.

"தலைவரே" என்றது ஓட்டாயி, "ஒரு ஆளைப் பிடிச்சுக் குகையில அடைச்சு, உங்க படையை விட்டே விசாரிக்கறீங்களாமே. யார் கொடுத்த அதிகாரம்?"

"காடு கொடுத்தது" என்றான் திமிலன். "எது வேணுமோ செய்யுங்கன்னு இதே கரையில நின்னு சொன்னாங்க."

"செந்நாயை விரட்ட எது வேணுமோ செய்யச் சொன்னாங்க. மலைவாசல்ல காவல் போடுங்க. சந்தேகப்பட்டவனைப் பிடிச்சு வைங்க. அதையெல்லாம் தப்புன்னு நான் சொல்லலை, அது உங்க வேலை. ஆனா அவையைத் தூக்கிப் போட்டுட்டு நீங்களே ஒரு அவை வெச்சுக்கச் சொல்லி யாராவது சொன்னாங்களா? ஏம்பா மானு, நீ சொன்னியா?"

மான் தலையைக் குனிந்துகொண்டது. "அப்படிச் சொல்லலை ஆயி. பயத்துல பொதுவாச் சொன்னோம்."

கோரையன் குறுக்கே விழுந்தான். "அவன் நம்ம காட்டுக்காரனே இல்லை. வெளியூரான். அவனுக்கு எதுக்கு நம்ம சட்டம்?"

"தண்ணி குடிச்சவனுக்குன்னுதானே சட்டம்? இங்கே பொறந்தவனுக்குன்னு யார் சொன்னது?" என்றது உடும்பு.

"இது சண்டைக் காலம்" என்றான் திமிலன். "உங்க சட்டமெல்லாம் அமைதியா இருக்கற காலத்துக்கு."

முள்ளம்பன்றி இதுவரை வாயைத் திறக்கவில்லை. இப்போது திறந்தது. "அந்தச் சட்டத்தை எப்பப் போட்டாங்க தலைவரே? தண்ணி நிறைஞ்சு கிடக்கும்போதா? ஒரு வாய்ச் சேத்துத் தண்ணிக்கு எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் கடிச்சுக் குதறிக்கற நேரத்துலதான் போட்டாங்க. பயப்படற காலத்துக்குன்னே பண்ணின சட்டம் அது."

ஓட்டாயி மற்ற இரண்டு பேரையும் பார்த்தது. இரண்டு பேரும் தலையசைத்தார்கள். "அவையோட முடிவு இதுதான். குகை விசாரணை செல்லாது. அங்கே சொன்ன தீர்ப்பும் செல்லாது. அவன் மேல குத்தம் இருந்தா இங்கே கொண்டுவந்து, அவன் முகத்துக்கு நேரா சொல்லுங்க. தண்ணிக்குள்ள நின்னு நீங்க சொன்னது ஞாபகம் இருக்கில்ல? காவல் உங்களோடது. தீர்ப்பு ஏரியோடது."

கோரையன் திமிலன் காதில் முணுமுணுத்தான். ஆனால் அந்த முணுமுணுப்பு எல்லாருக்கும் கேட்டது. "இவங்க பேச்சை ஏன் கேக்கறீங்க? கொம்பு யார்கிட்ட இருக்கு? நீங்க மாட்டேன்னா இந்த ஆமை என்ன பண்ணும்?"

"ஒண்ணும் பண்ண முடியாது" என்று ஓட்டாயியே சொன்னது. "எங்ககிட்ட இருக்கறது வார்த்தை மட்டும்தான். ஆனா ஒண்ணு யோசிங்க. உங்களுக்கு அப்புறம் ஒரு தலைவர் வருவாரு. அவரு உங்க கன்னையே பிடிச்சுக் குகையில போட்டா..."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று ஆமைக்கு உறைத்தது.

"எனக்குக் கன்னு இல்லை" என்றான் திமிலன்.

"தெரியும். தப்பாச் சொல்லிட்டேன். மன்னிச்சுக்குங்க" என்றது ஓட்டாயி.

அந்த நேரம் பார்த்துத் தெற்கேயிருந்து காற்று எழுந்தது. ஏரி முழுக்கச் சிலிர்த்தது. நடு ஏரியிலிருந்து வாத்துக் கூட்டம் மொத்தமாக மேலே கிளம்பியது. தலைக்கு மேலே ஒரு வட்டம் அடித்தது. மூத்த வாத்து கீழே பார்த்துக் கூப்பிட்டது. சாம்பி அண்ணாந்து பார்த்தாள். அவள் இறக்கை தானாக விரிந்தது. பிறகு மடங்கியது. கூட்டம் வடக்கே திரும்பிச் சின்னதாகி மறைகிறவரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவள் கழுத்தைத் திருப்பிக் குகையைப் பார்த்தாள்.

திமிலன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வை அவனுக்குத் தெரியும். அவன் தினமும் கரையில் ஓரிடத்தை அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பார்க்கிற இடத்திலிருந்து இனி ஒருவரும் எழுந்து வர மாட்டார்கள். இவள் பார்க்கிற இடத்திலிருந்து வர முடியும். வரவிடாமல் நிற்பது யார்? தான்தானே?

"கோரையா" என்றான், "அந்த வாத்தை இங்கே கூட்டிக்கிட்டு வா."

"தலைவரே..."

"நடத்திக் கூட்டிக்கிட்டு வா. தள்ளாதே."

அலையன் வந்தான். இத்தனை நாள் இருட்டில் கிடந்தவனுக்கு வெயிலில் கண் கூசியது. ஓர் இறக்கை தரையில் இழுபட்டது. சாம்பி ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றாள். அவன் அலகால் அவள் கழுத்தை ஒரு தரம் தொட்டான். அவை அதைத் தடுக்கவில்லை.

"சொல்லு கோரையா" என்றது முள்ளம்பன்றி. "அவன் முகத்தைப் பாத்துச் சொல்லு."

கோரையன் சொன்னான். "செந்நாய் வந்த நேரத்துல இவன் கத்தினான். விடிஞ்சு பாத்தா கன்னு பக்கத்துல இருந்தான். நெஞ்செல்லாம் ரத்தம். மூணும் உண்மை. வேணும்னா இல்லைன்னு சொல்லச் சொல்லுங்க."

"இல்லைன்னு சொல்லலை" என்றான் அலையன். "கத்தினேன். பக்கத்துல இருந்தேன். ரத்தமும் இருந்துது. நீங்க ஒரு கேள்வி கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன். யாரும் கேக்கலையே."

"இப்ப கேக்கறோம்" என்றது ஓட்டாயி.

"எங்க கூட்டம் தூங்கும்போது ஒருத்தர் மட்டும் கரையில முழிச்சுக்கிட்டு நிப்போம். அன்னைக்கு என் முறை. எதிரி வந்தா கத்தணும். எல்லாரும் எழுந்து பறக்கற வரைக்கும் கத்தணும். எங்களுக்கு அதுதான் பாடம். உங்களுக்கு வாயை மூடறது பாடம்னு அந்தக் குகையில கிடந்தப்பதான் எனக்குப் புரிஞ்சுது. நான் நாயைக் கூப்பிடலை. உங்களை எழுப்பினேன்."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. முள்ளம்பன்றி கோரையன் பக்கம் திரும்பியது. "நாய் வந்த பிறகு இவன் கத்தினானா, கத்தின பிறகு நாய் வந்துதா? நீ பாத்தியா?"

"கத்தின பிறகு வந்துது."

"எப்படித் தெரியும்?"

"சத்தம் கேட்டு எழுந்து பாத்தேன், அப்ப நாய்..." கோரையன் நிறுத்தினான்.

"எழுந்தியா?" என்றது முள்ளம்பன்றி. "காவல்ல நின்னவன் எங்கேயிருந்து எழுந்தான்?"

பாவம், கோரையன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அவன் படை மொத்தமும் அன்றைக்கு வயிறு நிறையக் கிழங்கு தின்றுவிட்டுப் படுத்துத் தூங்கியிருக்கிறது. அது வெளியே தெரியக் கூடாது என்றுதான் அத்தனை ரகசியம், அத்தனை அவசரம். குற்றம் சொன்னவனே நீதிபதியாகவும் உட்கார்ந்தால் அவனை யார் இப்படித் திருப்பிக் கேட்பார்கள்?

திமிலன் கோரையனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே அலையனுக்கு முன்னால் வந்து நின்றான். தலைவனாக வரவில்லை.

"அப்ப நீ முழிச்சுக்கிட்டு இருந்திருக்கே" என்றான். "என் கன்னைப் பாத்தியா?"

"பாத்தேன்."

"ஓடலையா அவன்?"

அலையன் சாம்பியை விட்டு ஓரடி முன்னால் வந்தான். "ஓடு ஓடுன்னு கத்தினேன். அவன் ஓடலைங்க. கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு அசையாம நின்னான். நீங்க சொல்லிக்கொடுத்தபடியே நின்னான். உடம்பு மட்டும் நடுங்கிக்கிட்டு இருந்துது. நான் பக்கத்துல போய் இறக்கையை விரிச்சு அவனை மூடிக்கிட்டேன். ஒரு நாய் என் இறக்கையைக் கவ்வி இழுத்துது. இன்னொண்ணு..." அதைச் சொல்லாமல் தாண்டிப் போனான். "நாய்ங்க போன பிறகும் அவனுக்குக் கொஞ்சம் மூச்சு இருந்துது. என் நெஞ்சுல தலையை வெச்சுக்கிட்டான். கண்ணைத் திறக்காமலே, 'அப்பாவா?'ன்னு கேட்டான். எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை. ஆமாம்னு சொல்லிட்டேன். அப்புறம் அவன் நடுங்கலை. விடியற வரைக்கும் நான் எழுந்திருக்கலை. அந்த ரத்தம்தான் இது."

திமிலனின் பெரிய உடம்பு அப்படியே கரையில் உட்கார்ந்தது. அவன் அழுததை அன்றைக்குத்தான் காடு பார்த்தது.

நினைத்துப் பாருங்கள். தின்னவிடாமல் அவனை அரித்துக்கொண்டிருந்த கேள்விக்கு உலகத்திலேயே ஒருவனிடம்தான் பதில் இருந்தது. அந்த ஒருவனைத்தான் அவன் பேசவிடாமல் குகையில் போட்டு வைத்திருந்தான். இன்னும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இறக்கையையும் ஒடித்துத் துரத்தியிருப்பார்கள். சாகும்வரை அவனுக்கு அது தெரியாமலே போயிருக்கும்.

அவை அலையன் மேல் குற்றம் இல்லை என்று சொன்னது. கோரையன் படையைக் காவலிலிருந்து நீக்குவது தலைவர் வேலை, அதை அவர் பார்த்துக்கொள்ளட்டும் என்றும் சொன்னது. திமிலன் அன்றைக்கே பார்த்துக்கொண்டான். இனிமேல் செந்நாய் வந்தால் முதலில் பார்த்தவர் கத்த வேண்டும் என்றும் காடு முடிவு செய்தது. குட்டிகள் கத்திப் பழகிய சத்தத்தில் கொஞ்ச நாள் யாருக்கும் தூக்கம் இல்லை.

எல்லாம் சரிதான். ஆனால் கூட்டம் போய்விட்டதே.

அலையனும் சாம்பியும் மறுநாள் காலையில் கிளம்பிப் பார்த்தார்கள். காற்று இருந்தது. கடிபட்ட இறக்கை குகையில் மடங்கியே கிடந்து இறுகிப்போயிருந்தது. ஏரியின் நடுவரைகூடப் போக முடியவில்லை. அலையன் தண்ணீரில் விழுந்தான். சாம்பி மேலே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அவன் பக்கத்தில் வந்து இறங்கினாள். இறக்கை தேறுவதற்குள் தென்றல் ஓய்ந்துபோயிற்று.

சித்திரை வந்தது. அந்த வெயில் பனிநாட்டுப் பறவை தாங்குகிற வெயில் இல்லை. ஏரி கரையை விட்டு உள்ளே உள்ளே போயிற்று. இரண்டு பேரும் அலகைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு வடக்குப் பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள்.

"இந்நேரம் குஞ்சு பொரிச்சிருக்கும்" என்பாள் சாம்பி.

"புல்லு முளைச்சிருக்கும்" என்பான் அலையன்.

"தண்ணி எப்படி இருக்கும்?"

"சில்லுன்னு. கால் வெச்சா எலும்பு வரைக்கும்."

அவ்வளவுதான் பேசுவார்கள். பேசினால் ஏக்கம் கூடும், பேசாவிட்டால் அதைவிடக் கூடும்.

வெயில் ஏறத் தொடங்கியதும் திமிலன் வந்து அவர்களுக்குக் கிழக்கே நிற்பான். அவன் நிழல் இரண்டு பேர் மேலும் விழும். சூரியன் நகர்ந்தால் அவனும் நகர்ந்து நிற்பான். ஒரு நாள் கேட்டான்: "உங்களுக்கு நான் என்ன செய்யட்டும்? காட்டுல எது வேணும்னாலும் கேளுங்க."

"எங்களைத் தண்டிக்காம விட்டீங்க, அது போதும்" என்றான் அலையன்.

"அது நான் கொடுத்தது இல்லை. உங்களுக்கு இருந்ததை நான் பிடுங்கி வெச்சிருந்தேன். திருப்பிக் கொடுத்தேன், அவ்வளவுதான். வேற என்ன வேணும்?"

சாம்பி வடக்கேயிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "போன பங்குனி வேணும்."

அந்தக் காட்டிலேயே பெரிய கொம்பு அவனுடையதுதான். யானையும் அவனுக்கு வழிவிடும். அவனால் அதைக் கொடுக்க முடியவில்லை. சூரியன் நகர்ந்ததும் அவனும் நகர்ந்து நின்றான்.

காக்கும் அதிகாரம் கையில் இருக்கிறது என்பதற்காகத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரத்தையும் தானே எடுத்துக்கொள்ளும் தலைவர், பிறகு எவ்வளவு வருந்தினாலும், இழந்தவர்களுக்கு அவர்கள் இழந்த காலத்தைத் திருப்பித் தர முடியாது.